முப்பது கேமராக்களோடு வந்த பெய்யூ

செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலைக் கூட்டம் ஓய்ந்து, நான் கல்லைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது பெய்யூ வந்தாள். முன்னால் அவளுடைய ஸ்கூட்டர், பின்னால் ஒரு வெள்ளைக் கார். காரை ஓட்டி வந்தவன் ஒல்லியாக, உயரமாக, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். டிக்கியைத் திறந்தால் துணிப்பெட்டி என்று இருந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் காட்டு நிறத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். அவற்றின் மேல் சிவப்புத் தாள் சுற்றிய டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள்.

"இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டேன்.

"இது கேமரா அக்கா, முப்பது இருக்கு. அது நிச்சயதார்த்தக் கேக்கு, பதினொரு டப்பா மிஞ்சிப்போச்சு."

"யாருக்கு நிச்சயதார்த்தம்?"

"எனக்குத்தான். மூணு வாரம் ஆச்சு. மாப்பிள்ளை இவன்தான்," என்று கட்டை விரலால் பின்பக்கம் காட்டினாள். மாப்பிள்ளை குவான்லின் இரண்டு கையிலும் கேமராப் பெட்டிகளோடு எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னான். இரண்டு பெட்டிகள் கீழே விழுந்தன.

லான்கெங் கடைத்தெருவில் நான் காலைச் சாப்பாட்டுக் கடை போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. சோயாப் பால், முட்டை ரொட்டி, ஆவியில் வேகவைத்த பன், முள்ளங்கிக் கேக். மகள் தைப்பேய்க்கு வேலைக்குப் போன பிறகு மாடி அறை காலியாகக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் பெண், ஒரு வருடம் ஆராய்ச்சிக்குத் தங்க வேண்டும் என்று யாரோ சொல்ல, சரி என்றிருந்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

அவள் ஆராய வந்தது கல்புலியை. பெயர்தான் புலி. வீட்டுப் பூனையின் அளவில், உடம்பெல்லாம் புள்ளியோடு இருக்கும் காட்டுப்பூனை அது. தைவானில் எங்கள் மியாவ்லி மலைகளில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எந்தெந்தக் கோழிக்கூட்டுக்கு, எந்தெந்த மாதத்தில் அது வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் கேமராக்கள். மரத்தில் கட்டிவிட்டால் எது குறுக்கே போனாலும் தானே படம் எடுத்துக்கொள்ளும்.

பெய்யூ சாங்ஹுவா கடற்கரைக்காரி. அப்பா சிப்பி வளர்ப்பவர். கல்லூரி முடித்து மூன்று வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை பார்த்திருக்கிறாள். ஒருநாள் ஒரே ஆள் பதினேழு முறை கூப்பிட்டுத் திட்ட, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்து, இருபத்தாறு வயதில் மறுபடி படிக்கச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பதினேழு முறையும் தேனாய்ப் பேசினாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமை தெரியும்.

முதல் நாளே நான் விசாரித்தேன். "மாமியார் மோதிரம் போட்டப்ப விரலை மடக்கினியா?" மாமியார் மோதிரத்தைக் கடைசிவரை தள்ள விட்டுவிட்டால் ஆயுசுக்கும் அவள் பிடிக்குள்தான் என்பார்கள்.

"மடக்கினேன் அக்கா. ஆனா அவங்க முப்பது வருஷம் நூடுல்ஸ் மாவு பிசைஞ்ச கை. ஒரே தள்ளு."

வலது நடுவிரலின் அடியில் மோதிரம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

ஊரில் குடியேறுவது அவளுக்கு லேசாக இல்லை. குப்பை வண்டியை முதல் வாரம் மூன்று தடவை தவறவிட்டாள். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் கீழே இருக்கிறதென்று தெரியாமல் நான்கு நாள் இருட்டில் ஏறினாள். எங்கள் தெருவில் ஹக்கா பேசுவார்கள், அவளுக்கோ கடற்கரைப் பேச்சுதான் வரும். பொதுவில் சீனமொழி எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேண்டாதவர் வந்தால் அது எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று மறந்துபோகும்.

இவள் விஷயத்தில் ஊருக்கே மறந்துபோயிற்று. கல்புலி இருக்கிறது என்று எவளாவது எழுதிவிட்டால் அரசாங்கம் வந்து தடை போட்டுவிடும், அப்புறம் சொந்த நிலத்தில் ஒரு கொட்டகைகூடப் போட முடியாது என்று பேச்சு. ஸ்கூட்டரில் மலையேறிப் போவாள், வாசலில் நின்று கூப்பிடுவாள், நாய் குரைக்கும், ஆள் வரமாட்டார்கள். மூன்று வாரத்தில் ஆறு கேமராதான் கட்ட முடிந்தது. ஆறும் கோயிலுக்குச் சொந்தமான மூங்கில் தோப்பில். அங்கே கோழியே கிடையாது.

சாயங்காலம் சாப்பிடும்போது குவான்லினோடு போனில் முகம் பார்த்துப் பேசுவாள். அவன் சின்ச்சுவில் கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஓர் ஆலையில் இருந்தான். காற்றில் புல் ஆடினால்கூட அந்தக் கேமரா படம் எடுத்துவிடும் என்பதால், ஆயிரக்கணக்கில் வெறும் புல் படங்களைப் பிரிக்க வேண்டும். அவள் பாதி, அவன் பாதி. கல்யாணப் பேச்சு பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு படியேறினால், "புல். புல். புல். இது மரநாயா? இல்ல, புல்" என்று கேட்கும்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் பெரியப்பா மகன் ஷுன்ஃபா அண்ணன் மலையடிவாரத்தில் இருநூறு நாட்டுக்கோழி வளர்க்கிறார். ஒரு டப்பா கேக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அண்ணன் கேக்கையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு என்னிடம் ஹக்காவில் கேட்டார். "யாரு இது? அரசாங்க ஆளா?"

"இல்லண்ணா, படிக்கிற பொண்ணு. என் மாடியில இருக்கா."

"படிக்கிறதுக்கு என் கோழிக்கூடுதான் கெடச்சுதா? போகச் சொல்லு."

"என்ன சொல்றாரு அக்கா?" என்றாள் பெய்யூ.

"யோசிச்சுச் சொல்றாராம்."

"எனக்கு அவ பேசறது புரியும் யூச்சின்," என்றார் அண்ணன், நல்ல சீனமொழியில். "நீ எதுக்கு மாத்தி மாத்திச் சொல்றே?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெய்யூதான் சமாளித்தாள்.

"பெரியப்பா, எங்கப்பா சிப்பி வளக்கிறவரு. சிப்பி செத்துச் செத்துப் போகும். பத்து வருஷமா நண்டைத் திட்டினாரு. நண்டைப் பாத்தா மிதிப்பாரு. கடைசியில பாத்தா, தின்னது நத்தை. சின்னதா ஒரு துளை போட்டு உள்ள இருக்கிறதை உறிஞ்சிட்டுப் போயிருது. உங்க கோழியை எது தின்னுதுன்னு நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

அண்ணன் கேக் டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டைக் கடித்தார்.

"கல்யாணம் ஆகப்போற பொண்ணு காட்டுல சுத்துறியே, அந்தப் பையன் ஒண்ணும் சொல்லலியா?"

"அவன் தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடிக்கிட்டு ஆலைக்குள்ள பன்னெண்டு மணி நேரம் நிக்கிறான் பெரியப்பா. நானாவது வெளிய சுத்துறேனேன்னு அவனுக்குச் சந்தோஷம்."

அண்ணன் சிரித்துவிட்டார். "நாலு கேமரா. கூட்டுப் பக்கம் மட்டும். என் வாசப்படி அதுல தெரியக் கூடாது. காலையில நான் ஜட்டியோட வெளிய வருவேன்."

இப்படித்தான் அவளுடைய வேலை தொடங்கியது. ஒரு புதன் விட்டு ஒரு புதன் கார்டும் பேட்டரியும் மாற்றப் போவாள். திரும்பி வந்து பின்கட்டில் நின்று காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்குவாள். அந்த நேரம் என் நாய்களும் அங்கேதான் இருக்கும். என் நாய்கள் என்றால், நான் வளர்த்ததில்லை. தெரு நாய்கள் ஐந்து. கடை மூடும்போது மிஞ்சிய பன்னையும் கறித்துண்டுகளையும் போடுவேன். இடது காது கிழிந்த ஒரு கறுப்பு நாய்தான் அதற்கெல்லாம் தலைவன். கறுப்பன் என்றே கூப்பிடுவேன்.

ஒருதடவை பெய்யூ கேட்டாள். "இதுங்க ராத்திரி எங்க அக்கா போகும்?"

"எங்கயாவது தூங்கும்," என்றேன்.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம், ஷுன்ஃபா அண்ணன் ஒரு சாக்கோடு வந்தார். அதை வாசலில் கவிழ்த்தார். செத்த கோழிகள்.

"இருபத்திமூணு! ஒரே விடியல்ல!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். "ஏ பூனைப் பொண்ணு! உன் கல்புலி செஞ்ச வேலையை வந்து பாரு!"

அவள் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு இறங்கி வந்தாள். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோழியாகப் புரட்டினாள். முதுகிலும் இறக்கையிலும் கடி. ரத்தம். கறி அப்படியே இருந்தது.

"பெரியப்பா, ஒண்ணைக்கூடத் தின்னலியே."

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"ஒரு வாரம் குடுங்க. கார்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"உனக்கு ஒரு வாரம். எனக்கு இரும்பு," என்றார் அண்ணன்.

இரும்பு என்றால் பல் வைத்த பொறி. கால் பட்டால் கவ்விக்கொள்ளும். அது சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். கடையில் இருந்தவர்கள் குனிந்து சோயாப் பாலைக் குடித்தார்கள்.

அன்றைக்கே போய்க் கார்டை எடுத்து வந்தாள். அன்று முழுக்க அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. மறுநாள் கேட்டதற்கு, கார்டில் தண்ணீர் போய்விட்டது, படம் தெரியவில்லை என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணத் தேதி விஷயமாக ஏதோ மனத்தாங்கல் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மாமியார் ஜனவரியில் நாள் குறித்திருந்தார். கல்யாண உடை வாடகைக்குத் தரும் புகைப்படக் கடையில் அளவு கொடுக்கப் போனவள், அட்டைக் கடிபட்ட காலைக் காட்டித் திட்டு வாங்கி வந்திருந்தாள்.

சனிக்கிழமை குவான்லின் வந்தான். கடை மூடுகிற நேரம். முட்டை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பின்கட்டில் நான் பன் போடுவதை எட்டிப் பார்த்தான்.

"காது கிழிஞ்சிருக்கே. இந்த நாய்தானே அது?" என்றான்.

மேசைக்கு அடியில் அவன் காலில் ஒரு உதை விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"எந்த நாய் அது?" என்றேன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தேன். பெய்யூ எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள்.

மணி ஐந்து பன்னிரண்டு என்று படத்தின் மூலையில் போட்டிருந்தது. கூட்டின் கம்பிவலை பிய்ந்து கிடந்தது. நான்கு நாய்கள். கறுப்பன் வாயில் ஒரு கோழி, அதன் இறக்கை விரிந்தபடி. அடுத்த படத்தில் வேறு கோழி. இப்படி நாற்பதுக்கு மேல் படங்கள். கல்புலி ஒரு படத்தில்கூட இல்லை.

"என் மாடியில உக்காந்துகிட்டு என் நாயையே படம் பிடிச்சியா?" என்றேன். சம்பந்தமே இல்லாத பேச்சுதான், வாயில் வந்துவிட்டது.

"உங்க நாய்னு தெரிஞ்சதாலதான் அக்கா என்னால சொல்ல முடியல."

"அப்ப அண்ணன் கல்புலின்னே நெனச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டியா? அதைக் காப்பாத்தத்தானே நீ வந்தே?"

"ஆமா. விட்டுட்டேன்," என்றாள். "நாலு நாளா அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். இந்த ஊர்ல எனக்குக் கதவு தொறந்தது நீங்க ஒருத்தர்தான்."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. கோபம் அவள்மேல் கொஞ்சம்தான். என் கையால் தினமும் போட்ட சோற்றைத் தின்று தெம்பாகி, என் அண்ணன் கூட்டிலேயே போய் அவை இந்த வேலையைச் செய்திருந்தன. யாரிடம் போய் இதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு நல்ல வியாபாரம். எட்டரைக்கே ஷட்டரை இறக்கினேன். மாடிக்குக் குரல் கொடுத்தேன். "பெய்யூ! கம்ப்யூட்டரை எடுத்துக்க. அந்தப் பையனையும் கூட்டிக்க."

அண்ணன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார்.

"உன் கடைக்குப் பின்னாடி வாலாட்டிக்கிட்டு நிக்குமே, அதுவா?"

"அதுதாண்ணா. நான்தான் சோறு போடறேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு."

அவர் திட்டவில்லை. "செவ்வாக்கிழமையே மூணு இரும்பு வச்சிட்டேன்," என்றார். "காலையிலேர்ந்து மேல தோப்புல ஏதோ கத்துது. நான் போய்ப் பாக்கல."

முதல் இரண்டு பொறிகளும் வாய் திறந்தபடியே இருந்தன. மூன்றாவது, அண்ணனின் கூட்டுக்கு மேலே, கோழிகள் மேயும் மூங்கில் தோப்பில். கறுப்பன் அதன் சங்கிலியை எட்டின மட்டும் இழுத்து, இழுத்த இடமெல்லாம் மண் கிளறி, களைத்துப் படுத்திருந்தது. முன்னங்கால். எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

பெய்யூ தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன் தலைமேல் போட்டு அப்படியே அமுக்கிப் பிடித்தாள். "ஆளுக்கு ஒரு பக்கம் மிதிங்க! சேந்து மிதிங்க!" என்றாள். ஷுன்ஃபா அண்ணன் பொறியின் ஒரு பக்கத்து ஸ்பிரிங்கையும், குவான்லின் மறுபக்கத்து ஸ்பிரிங்கையும் மிதித்தார்கள். முதல் தடவை வெள்ளைக் காலணி வழுக்கி, குவான்லின் கோழி எச்சத்தில் உட்கார்ந்தான். இரண்டாம் தடவை பொறியின் வாய் திறந்தது. நான் நாயின் காலை வெளியே இழுத்தேன். அந்த நொடியில் கோட்டுக்குள்ளிருந்து தலை திரும்பி, பெய்யூவின் வலது கையைக் கடித்துவிட்டது. அவள் பிடியை விடவில்லை.

அண்ணனின் சரக்கு வண்டியிலேயே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். காலை எடுக்க வேண்டியதாயிற்று. பெய்யூவுக்கு ஊசியும் தையலும். நடுவிரல் வாழைப்பழம்போல் வீங்கி, மோதிரம் அதற்குள் புதைந்துவிட்டது. மருத்துவமனையில் சின்னக் கத்தரியால் மோதிரத்தை வெட்டி எடுத்து, இரண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றான் குவான்லின். அவன் முகம் வெளுத்திருந்தது. நிச்சயதார்த்த மோதிரத்தை வெட்டுவது எங்கள் ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற விஷயம்.

"போட்டவங்க அவங்க. நானே சொல்றேன்," என்று பெய்யூ இடது கையால் போனை எடுத்தாள். மருத்துவமனை வராந்தாவில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினாள். நாய், பொறி, கோழி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.

"விரல் இருக்கா?" என்று கேட்டது மாமியாரின் குரல்.

"இருக்கு அத்தை."

"அப்ப மோதிரம் வேற செஞ்சுக்கலாம்."

"அத்தை, இன்னொண்ணு. கல்யாணத்தை ஜூனுக்குத் தள்ளி வச்சுக்கலாமா? குளிர்காலம், வசந்தகாலம் ரெண்டும் நான் இங்க இருந்தாத்தான் இந்த வேலை முடியும்."

"அதையெல்லாம் போன்ல கேக்காதே. நேர்ல வா. கையோட வா, நான் பாக்கணும்."

அடுத்த ஞாயிறு போனாள். மாமியார் கட்டைப் பிரித்து, தையலைப் பார்த்து, பன்றிக்கால் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து ஜூனில் இரண்டு நாள் சொன்னாராம். ஜோசியருக்குக் கொடுத்தது வீணாயிற்று என்ற ஒரு வார்த்தை மட்டும் மூன்று தடவை சொன்னாராம்.

ஷுன்ஃபா அண்ணன் மூன்று பொறிகளையும் ஒரு தீவனப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு, "இதை எழுதுவியா?" என்று பெய்யூவிடம் கேட்டார்.

"எழுதணும் பெரியப்பா. உங்க பேரு வராது, ஊரு பேரும் வராது. ஆனா இரும்பு வைக்கிறாங்கன்னு எழுதாம இருக்க முடியாது. நாலு நாளு நான் வாயை மூடிக்கிட்டிருந்ததையும் எங்க பேராசிரியர்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப நேரம் சொன்னாரு."

அண்ணன் தலையாட்டிவிட்டு, ஒரு முட்டை ரொட்டி கேட்டார்.

கதை ஊருக்குள் பரவியது. இரண்டு மாதம் எனக்குத்தான் தலைகுனிவு. ரொட்டி வாங்க வருகிறவர்கள், "நாய்க்குப் போட்டது போக எங்களுக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணனுக்குக் கோழிக்குஞ்சுகள் வாங்கிக்கொண்டு போனேன். கூட்டுக்குள் விட்டுவிட்டு, "இதுங்களுக்காவது நல்ல புத்தி சொல்லி வளக்கறேன்," என்றார். நாய்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்தோம். இரண்டைப் பழத்தோட்டக்காரர்கள் கட்டிப்போட்டு வளர்க்க வாங்கிப் போனார்கள். கறுப்பனையும் சேர்த்து மற்ற மூன்றையும் என் பின்கட்டில் வேலி போட்டு வைத்தேன்.

பெய்யூவுக்கு நடந்தது வேறு. கல்புலிக்காகப் பேச வந்தவள் நாயைக் காட்டிக்கொடுத்தாள், அதே நாய்க்காகக் கையும் கொடுத்தாள் என்பது எங்கள் ஆட்களுக்குப் பிடித்திருந்தது போலும். ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, "என் கூட்டையும் பாக்கச் சொல்லேன்" என்றார்கள். பிப்ரவரிக்குள் முப்பது கேமராவும் ஏறிவிட்டது. கல்புலி வரவே வராது என்பதில்லை. மார்ச்சில் அண்ணன் கூட்டுக்கே இரண்டு முறை வந்து ஏழு கோழியைக் கொண்டுபோனது. மேலே வலை போட்ட பிறகு அதுவும் நின்றது. அந்தப் படங்களையும் அண்ணனிடம் அவள் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டினாள்.

கல்யாணம் ஜூனில், சாங்ஹுவாவில் நடந்தது. லான்கெங்கிலிருந்து இரண்டு வேன் நிறையப் போனோம். ஷுன்ஃபா அண்ணன் பெய்யூவின் அப்பாவோடு உட்கார்ந்து, நண்டு, நத்தை, நாய் என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டு, அளவில்லாமல் சிப்பி தின்று திரும்பும் வழியெல்லாம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அடுத்த வருடம் ஆய்வேட்டை முடித்தாள். இப்போது பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து, கல்புலியும் நாயும் நுழைய முடியாத கோழிக்கூடு கட்டித் தரும் ஒரு சின்ன அமைப்பில் வேலை. எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் வீடு எடுத்திருக்கிறார்கள். குவான்லின் தினமும் ரயிலில் சின்ச்சு போய் வருகிறான், காலையில் முட்டை ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவான். போன வாரம் அவர்கள் வீட்டுக் குழாய் உடைந்து, பெய்யூ நடுத்தெருவில் நின்று குழாய்க்காரரோடு ஹக்காவில் சண்டை போட்டாள். பாதி வார்த்தை தப்பு. இருந்தாலும் அவர் வியாழக்கிழமை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், வரவும் வந்தார்.